நாவல் வேறு, படம் வேறு, தீர்ப்பும் வேறு

ஒரு நாவல் திரைப்படமாகி வெளிவந்தால், முதல் காட்சி முடிந்து வெளியே வரும் கூட்டத்தில் ஒரு வாக்கியம் தவறாமல் காதில் விழும்: 'நாவல் அளவுக்கு இல்லை.' படம் எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு இதுதான் பதிலாகக் கிடைக்கிறது. கேட்டது படத்தைப் பற்றி. சொன்னது நாவலைப் பற்றி. 2022 செப்டம்பரில் 'பொன்னியின் செல்வன்' முதல் பாகம் வந்தபோது தமிழகம் முழுவதும் இதைக் கேட்டோம். 2024 மார்ச்சில் பென்யாமினின் நாவலைத் தழுவி பிளெஸ்ஸி இயக்கிய 'ஆடுஜீவிதம்' வந்தபோது, பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாறு தொடங்கி கேரளத்தின் மறுமுனைவரை அதையே கேட்டோம். நாவலை வாசித்தவர்கள் விடுபட்ட காட்சிகளுக்குப் பட்டியல் போட்டார்கள். வாசிக்காதவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்துத் தங்களுக்குப் பிடித்த படத்தைப் பற்றியே சந்தேகம் கொண்டார்கள்.

இந்தப் பழக்கம் படத்துக்கும் நல்லதல்ல, நாவலுக்கும் நல்லதல்ல. நாவலிலிருந்து பிறந்த படத்தை ஒரு படமாக மட்டுமே மதிப்பிட வேண்டும். அதில் நாவல் எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கு சுவையானதுதான், ஆராய்ச்சிக்கு உரியதுதான். ஆனால் படத்தின் தரத்தைச் சொல்லும் கணக்கு அதுவல்ல. எழுத்தாளருக்கு உரிய மரியாதை, ஒப்பந்தம், பெயர், ஊதியம் ஆகியவை நீதி சார்ந்தவை. அவற்றையும் கலைத் தீர்ப்போடு கலக்காமல் தனியே வைத்து விசாரிக்க வேண்டும்.

இதைப் பேசத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. இந்நகரின் மத்திய சிறையில் 1940களின் தொடக்கத்தில் வைக்கம் முகம்மது பஷீர் அடைபட்டிருந்தார். திவான் சர் சி.பி.ராமசாமி ஐயரின் ஆட்சிக்கு எதிராக எழுதியதே குற்றம். அந்தச் சிறைவாசம்தான் பின்னாளில் 'மதிலுகள்' என்ற குறுநாவலானது. 1965இல் நூலாக வந்த அதைச் சுகுமாரனின் மொழிபெயர்ப்பில் 'மதில்கள்' என்று தமிழ் வாசகர்கள் அறிவார்கள். அதே திருவனந்தபுரத்தில் 1965இல் சித்ரலேகா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவரான அடூர் கோபாலகிருஷ்ணன், கால் நூற்றாண்டுக்குப் பிறகு அந்தக் குறுநாவலைப் படமாக்கினார். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உள்பட நான்கு தேசிய விருதுகளை அது பெற்றது. 1990இல் வெனிஸ் திரைப்பட விழாவுக்கும் சென்றது.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். சிறைக்குள் ஓர் உயரமான மதில். இப்பக்கம் ஆண்கள் சிறை, அப்பக்கம் பெண்கள் சிறை. மதிலோரம் சீட்டியடித்துக்கொண்டு நடக்கும் பஷீரை அப்பக்கத்திலிருந்து ஒரு பெண்குரல் யாரென்று கேட்கிறது. அவள் நாராயணி. இருவரும் பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், காதலிக்கிறார்கள். மதிலுக்கு மேலாக ரோஜாச் செடி அங்கே போகிறது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்ததே இல்லை. அவள் மதிலருகே வந்திருப்பதற்கு அடையாளம், மேலே எழுந்து விழும் ஒரு காய்ந்த குச்சி. சிறை மருத்துவமனையில் சந்திப்பதற்கு ஒரு நாள் குறிக்கிறார்கள். அந்த நாள் வருவதற்குள் பஷீருக்கு விடுதலை உத்தரவு வந்துவிடுகிறது.

படம் வந்தபோது எழுந்த குறைகளில் இரண்டு இன்றும் பேசப்படுகின்றன. ஒல்லியாக, வழுக்கையோடு நாம் அறிந்த பஷீர் எங்கே, கம்பீரமான மம்மூட்டி எங்கே என்பது ஒன்று. நாராயணியின் குரலாக கே.பி.ஏ.சி. லலிதாவைப் பேச வைத்தது இன்னொன்று. லலிதாவின் குரல் கேரளத்தில் கேட்டவுடன் அடையாளம் தெரிகிற குரல். நாவலில் வாசகர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு நாராயணியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். படத்தில் குரல் வந்ததும் முகமும் வந்துவிட்டது என்றார்கள்.

இரண்டும் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு எழுப்பப்பட்ட குறைகள். படத்துக்குள் நின்று கேட்டால் கேள்விகள் மாறிவிடும். மம்மூட்டி பஷீரைப் போல இருக்கிறாரா என்பதைவிட, முகம் தெரியாத குரலுக்காக ஒரு மனிதன் நாளெல்லாம் காத்திருப்பதை அவர் உடல் நம்பவைக்கிறதா என்பதே முக்கியம். லலிதாவின் குரலைக் கேட்டதும் அவர் முகம் நினைவுக்கு வருகிறதா என்பதைவிட, சிறைக்குள் இருந்தும் சிரிக்கத் தெரிந்த ஒரு பெண் அந்தக் குரலில் உயிரோடு இருக்கிறாளா என்பதே முக்கியம். இந்தக் கேள்விகளுக்கு ஒருவர் 'இல்லை' என்றும் சொல்லலாம். அப்படிச் சொன்னால் அது படத்தைப் பற்றிய விமர்சனம். அதற்குப் படத்திலிருந்தே சான்று காட்ட வேண்டியிருக்கும்.

அந்த மதிலையே சற்று நெருங்கிப் பார்ப்போம். நாவலிலும் நாராயணி கண்ணில் படுவதில்லை, படத்திலும் படுவதில்லை. இதைக் காட்டி அடூர் மூலத்துக்கு விசுவாசமாக இருந்தார் என்று பாராட்டுவார்கள். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. நாவலில் கதை சொல்பவர் பஷீரே. அவர் பார்க்காததை அவரால் சொல்ல முடியாது. எனவே நாராயணி தெரியாமல் இருப்பது இயல்பு. கேமராவுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. நினைத்தால் மதிலேறி எட்டிப் பார்த்துவிடும். எந்த வணிகப்படமும் ஒரு பாட்டுக்காகவாவது அந்தப் பக்கம் போயிருக்கும். அடூரின் கேமரா கடைசிவரை இந்தப் பக்கமே நின்றது. பார்க்க முடிந்தும் பார்க்க மறுத்த அந்தக் கட்டுப்பாட்டில்தான் பார்வையாளரும் கைதியாகிறார். நாவலில் இயல்பாக அமைந்தது, படத்தில் இயக்குநரின் தீர்மானமாகிவிட்டது. மாறாமல் வைத்துக்கொண்ட இடத்திலேயே பொருள் இவ்வளவு மாறுமென்றால், 'மூலத்தைப் போலவே இருக்கிறதா' என்ற அளவுகோலால் எதை அளப்பது?

கல்லாற்றில் பாறைகளுக்கிடையே கண்ணாடிபோல் ஓடும் நீர்தான் கீழே இறங்கி வாமனபுரம் ஆறாக அகன்று, ஆற்றிங்கல் வட்டாரத்தைக் கடந்து, அஞ்சுதெங்குக் காயலை நோக்கிப் போகிறது. ஆற்றிங்கல்காரர் யாரும் கூழாங்கல் தெரியவில்லையே என்று வாமனபுரம் ஆற்றைக் குறை சொல்வதில்லை. சமவெளியில் ஓடும் ஆற்றிடம் சமவெளிக்குரிய கேள்விகளைத்தான் கேட்கிறார்கள்.

அடூரின் இன்னொரு படம் இந்த வாதத்தைக் கடினமான சோதனைக்கு உட்படுத்துகிறது. பால் ஸக்கரியாவின் 'பாஸ்கர பட்டேலரும் என்டெ ஜீவிதமும்' என்ற குறுநாவலை அடிப்படையாகக் கொண்டு 1993இல் அவர் 'விதேயன்' எடுத்தார். கர்நாடகத்தின் தென்கன்னடப் பகுதியில் குடியேறிய மலையாளி தொம்மி, நிலவுடைமைக் கொடுங்கோலன் பட்டேலரின் அடிமையாகிப்போகும் கதை அது. மம்மூட்டிக்கு மீண்டும் தேசிய விருது கிடைத்தது. தன் கதையின் நோக்கு திரிக்கப்பட்டுவிட்டதாக ஸக்கரியா வெளிப்படையாகவே கண்டித்தார். எழுத்தாளருக்கும் இயக்குநருக்கும் இடையிலான அந்தப் பூசல் கேரள இலக்கிய உலகில் நெடுநாள் பேசப்பட்டது.

படைத்தவரே ஏற்காத படத்தை நாம் எப்படிப் பாராட்டுவது என்று சிலர் கேட்பார்கள். ஸக்கரியாவின் ஆட்சேபம் மதிக்கத்தக்கது. தன் கதை எதைச் சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். ஆனால் அவர் கதையில் தொம்மியே பேசுகிறான். அடிமையின் வாயாலேயே எஜமானனின் வரலாறு சொல்லப்படுகிறது. அவன் சொல்லச் சொல்ல, அவன் மனம் எவ்வளவு வளைந்துவிட்டது என்பது அவன் சொற்களிலேயே நமக்குத் தெரியவருகிறது. படத்தில் அந்தக் குரல் இல்லை. அதற்குப் பதிலாக எம்.ஆர்.கோபகுமாரின் உடல் இருக்கிறது. கூனிய முதுகும் தாழ்ந்த கண்ணுமாக, பட்டேலரின் காலடியில் குந்தியிருக்கும் உடல். இந்த மாற்றத்தால் இழந்தது உண்டு, பெற்றதும் உண்டு. எழுத்தாளர் இழப்பைப் பார்க்கிறார். அது அவர் உரிமை. பார்வையாளரின் கடமை திரையில் இருப்பதைப் பார்ப்பது. எழுத்தாளரின் பாராட்டு ஒரு மோசமான படத்தை நல்லதாக்காது என்றால், அவருடைய கோபமும் ஒரு நல்ல படத்தை மோசமாக்கிவிடாது.

உலகெங்கும் இதற்குச் சான்றுகள் உண்டு. தர்க்கோவ்ஸ்கி 1972இல் எடுத்த 'சொலாரிஸ்' படத்தை மூலநாவல் எழுதிய ஸ்தானிஸ்வாஃப் லெம் ஏற்கவில்லை. குப்ரிக் 1980இல் எடுத்த 'தி ஷைனிங்' படத்தை ஸ்டீபன் கிங் ஏற்கவில்லை. இரண்டு நாவல்களும் வாழ்கின்றன, இரண்டு படங்களும் வாழ்கின்றன. குரோசாவா 1957இல் ஷேக்ஸ்பியரின் 'மேக்பத்' நாடகத்தை ஜப்பானியப் போர்வீரர் கதையாக்கினார். ஷேக்ஸ்பியரின் கவிதையை அவர் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதைக் குறையாகச் சொல்லி அந்தப் படத்தை ஒதுக்கியவர்கள் யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை.

இந்தியாவில் இந்த விவாதத்தை முறையாக நடத்திக் காட்டியவர் சத்யஜித் ராய். 1901இல் வெளியான தாகூரின் 'நஷ்டநீட்' குறுநாவலை அவர் 1964இல் 'சாருலதா'வாக எடுத்தார். வங்கத்தில் தாகூரின் வரியில் கைவைப்பது சாதாரண விஷயமல்ல. அசோக் ருத்ரா என்ற விமர்சகர் படம் மூலத்திலிருந்து விலகியதைக் கடுமையாகச் சாடினார். ராய் வாய்மூடி இருக்கவில்லை. 'பரிசய' இதழில் நீண்ட கட்டுரை எழுதினார். ஒவ்வொரு மாற்றமும் திரைக்கதைக்கு ஏன் தேவைப்பட்டது, கதையில் பல பக்கங்களில் விரவிக்கிடப்பதைக் காட்சியாக எப்படித் திரட்ட வேண்டியிருந்தது என்று விளக்கினார்.

'சாருலதா'வின் தொடக்கக் காட்சியை நினைத்துப்பாருங்கள். பெரிய வீடு, மதிய நேரம், சாரு தனியே இருக்கிறாள். கையிலிருந்த பூத்தையலை வைத்துவிட்டு எழுகிறாள். கைப்பிடி வைத்த சிறிய தொலைநோக்கியை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஜன்னலாகப் போய்த் தெருவில் நடப்பவர்களைப் பார்க்கிறாள். பிறகு அதே கண்ணாடியை, புத்தகத்தில் மூழ்கித் தன்னைக் கவனிக்காமல் கடந்துபோகும் கணவன் பக்கம் திருப்புகிறாள். சில நிமிடங்களில், ஏறக்குறைய வசனமே இல்லாமல், ஒரு திருமணத்தின் தனிமை முழுவதும் சொல்லப்பட்டுவிடுகிறது. தாகூர் இதைத் தன் வாக்கியங்களால் சொல்லியிருந்தார். ராய் ஒரு கண்ணாடியால் சொன்னார். 'இது தாகூரில் எங்கே இருக்கிறது' என்று தேடிக்கொண்டிருப்பவர் அந்தக் காட்சியைக் கோட்டைவிட்டிருப்பார்.

வங்கத்துக்கும் ஜப்பானுக்கும் போக வேண்டியதே இல்லை. தழுவலை எப்படி மதிப்பது என்பது தமிழர்களுக்குப் புதிய பாடமல்ல. வான்மீகியின் இராமன் மிதிலைத் தெருவில் நடக்கும்போது மாடத்தில் நின்ற சீதையோடு கண் கலக்கவில்லை. கம்பனின் இராமன் கலந்தான். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்கிச் செல்கிறான். கம்பனில் அவன் அவளைத் தீண்டாமல் பர்ணசாலையோடு நிலத்தைப் பெயர்த்தெடுக்கிறான். வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தையே கம்பன் சேர்த்தான். ஆயினும் கம்பராமாயணத்தைச் சுவைப்பவர்கள் வான்மீகியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தப்புக் கண்டுபிடிப்பதில்லை. ஒப்பிடுவார்கள், ஒப்பிட்டு வியப்பார்கள், கம்பன் ஏன் மாற்றினான் என்று மேடை மேடையாகப் பேசுவார்கள். மாற்றியதற்காகக் கம்பனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவர்கள் தமிழிலக்கியத்தின் போக்கைத் தீர்மானிக்கவில்லை. கம்பனும் கடனை மறைக்கவில்லை. தனக்கு முன் இக்கதையைச் சொன்னவர்களை நினைவுகூர்ந்து, முன்னோடி யாரென்று அறிவித்துவிட்டே தொடங்கினான். கடனை ஒப்புக்கொள்வது, பிறகு தன் வழியில் போவது என்ற அந்த இரட்டை ஒழுங்குதான் நல்ல தழுவலின் இலக்கணம்.

தமிழ்த் திரையில் இந்த ஒழுங்குக்குச் சிறந்த உதாரணம் மகேந்திரன். உமாசந்திரன் எழுதி, கல்கி இதழின் வெள்ளிவிழா நாவல் போட்டியில் பரிசு பெற்ற 'முள்ளும் மலரும்' 1978இல் அவர் இயக்கத்தில் படமானது. மலைப்பகுதி மின்நிலையத்தில் விஞ்ச் இயக்கும் காளியும் அவன் தங்கை மீதான பாசமும் அவரைப் பிடித்துக்கொண்டன. நாவலை முழுவதும் பின்தொடர வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நாவலில் காளி கையை இழப்பது புலியால்; படத்தில் லாரி ஏறி. முடிவும் மகேந்திரனுடையது. அந்த முடிவில் காளி, தான் வெறுத்த அதிகாரிக்குத் தங்கையைக் கொடுக்கிறான். ஆனால் அவரை இன்னும் தனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறான். தங்கை தன்னை விட்டுப் போகாமல் திரும்பி வந்து நின்ற அந்த ஒரு கணம் அவனுக்குப் போதுமானதாக இருக்கிறது. மனம் மாறித் திருந்திய நாயகனைத் தமிழ்த் திரை அதற்குமுன் எத்தனையோ முறை காட்டியிருந்தது. மாறாமலே கனிந்த ஒருவனைக் காட்டியது இந்தப் படம். அடுத்த ஆண்டே புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிடைத்த பொறியில் 'உதிரிப்பூக்கள்' எடுத்தார். கதையை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒற்றுமை மிகக் குறைவு. ஆனால் புதுமைப்பித்தனின் பெயரைச் சொல்ல அவர் தயங்கவில்லை. அந்தப் படத்தைப் 'புதுமைப்பித்தன் போல இல்லை' என்று அளந்திருந்தால், தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றை நாம் தொலைத்திருப்போம்.

'பொன்னியின் செல்வன்' விஷயத்துக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்து, ஐந்து பாகங்களாக விரிந்த நாவல். மணிரத்னம் அதை இரண்டு படங்களுக்குள் அடக்கினார். மணிமேகலை இல்லை, சேந்தன் அமுதனின் பங்கு சுருங்கிவிட்டது, ஆழ்வார்க்கடியானின் வாதங்கள் குறைந்துவிட்டன. வாசகர்களின் வருத்தம் எனக்குப் புரிகிறது. மூன்று தலைமுறை வீட்டுக்குள் வைத்து வளர்த்த கதை அது. ஆனால் 'என் மனத்திலிருந்த நந்தினி இவள் இல்லை' என்று சொல்லும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அந்த நந்தினியை நாம் தனியே கற்பனை செய்யவில்லை. கல்கியின் எழுத்தோடு மணியத்தின் தூரிகையும் சேர்ந்தே அவளை வரைந்தது. வாரந்தோறும் வந்த அந்தச் சித்திரங்கள்தான் குந்தவையின் கொண்டையையும் வந்தியத்தேவனின் மிடுக்கையும் நமக்குள் பதித்தன. விகடனில் கோபுலுவின் ஓவியங்களோடு வந்த கொத்தமங்கலம் சுப்புவின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் படமானபோதும் வாசகர்களின் மனத்தில் ஏற்கெனவே முகங்கள் இருந்தன. இன்று அந்தக் கதை பலருக்கு சிவாஜியாகவும் பத்மினியாகவுமே தெரிகிறது. அந்தப் படத்தை ரசிக்கும் பலர் தொடரை வாசித்ததே இல்லை. தொடரை வாசித்தவர்களுக்கும் நாகஸ்வரமும் சலங்கையும் மோதிக்கொள்ளும் அந்தக் காட்சியின் சுகம் குறைந்துவிடவில்லை.

'பொன்னியின் செல்வ'னைக் குறை சொல்லவே கூடாதா? தாராளமாகச் சொல்லலாம். கதை தெரியாத ஒருவர் முதல் பாகத்தைப் பார்க்கும்போது யார் யாருக்கு என்ன உறவு, எந்த அரண்மனையில் யார் சதி செய்கிறார்கள் என்று திணறினால், அது படத்தின் குறை. நாவல் வாசித்தவரின் நினைவை நம்பிப் படம் சில இடங்களில் அவசரமாகத் தாவினால், அதுவும் படத்தின் குறை. நாவலை வாசித்தவர்கள்தான் இந்தக் குறையைக் காணத் தவறுகிறார்கள். விடுபட்டதைத் தம் நினைவிலிருந்தே நிரப்பிக்கொண்டு விடுகிறார்கள். நாவலை ஒதுக்கிவைத்துப் பார்ப்பது படத்துக்குச் சலுகை காட்டுவதாகாது. பல நேரங்களில் அதுவே கண்டிப்பான சோதனை. தன் காலில் நிற்க முடியாத படத்தை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

இதன் மறுபக்கமும் உண்டு. நாவலின் புகழைப் படம் கடன் வாங்க முடியாது. நாவலின் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியாது. தகழியின் 'செம்மீன்' 1956இல் வந்தது; சாகித்ய அகாதெமி விருது பெற்றது. சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழர்களின் புத்தகமும் ஆயிற்று. ராமு காரியாட் 1965இல் அதைப் படமாக்கினார். தென்னிந்தியாவுக்கு முதல் குடியரசுத் தலைவர் தங்கப்பதக்கம் அதனால் வந்தது. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் கடல் ஒரு பாத்திரமாகவே மாறியது; சலில் சௌத்ரியின் இசை இன்றும் கேரளக் கரையோரம் ஒலிக்கிறது. ஆனால் கடலுக்குப் போன கணவனின் உயிர் கரையிலிருக்கும் மனைவியின் கற்பில் தொங்குகிறது என்ற நம்பிக்கையின் மீதுதான் கதை கட்டப்பட்டிருக்கிறது. இது எங்கள் வாழ்க்கை அல்ல என்ற எதிர்ப்பு மீனவ மக்களிடமிருந்து எழுந்தது. 'நாவலில் அப்படித்தான் இருக்கிறது' என்பது இதற்குப் பதிலாகாது. அந்த நம்பிக்கைக்கு இவ்வளவு அழகான கடலையும் இவ்வளவு உருக்கமான இசையையும் கொடுத்தது படம். அழகுக்குப் பாராட்டு படத்துக்கு என்றால், அந்த அழகு எதைத் தாங்கிப் பிடிக்கிறது என்ற கேள்விக்கும் படமே பதில் சொல்ல வேண்டும்.

மொழிபெயர்ப்போடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சுந்தர ராமசாமி 'செம்மீ'னைத் தமிழாக்கியபோது வாசகருக்கு ஒரு வாக்குறுதி கொடுத்தார்: நீங்கள் வாசிப்பது தகழியை. அவர் ஓர் அத்தியாயத்தை விட்டிருந்தாலோ முடிவை மாற்றியிருந்தாலோ அது வாக்குத் தவறல். காரியாட் அந்த வாக்குறுதியைத் தரவில்லை, தரவும் முடியாது. இரண்டரை மணி நேரத்தில், நடிகர்களின் முகங்களில், ஒளியில், இசையில் அவர் இன்னொன்றைச் செய்வதாகச் சொன்னார். அதைச் செய்தாரா என்றுதான் அவரிடம் கேட்க முடியும்.

இனி, எழுத்தாளரின் உரிமை. இயக்குநருக்குச் சுதந்திரம் என்று சொல்லி அதை மிதித்துவிட முடியாது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் எழுத்தாளரிடம் சில உரிமைகள் எஞ்சியிருக்கும் என்கிறது. படைப்பு தன் பெயரால் அறியப்பட வேண்டும் என்ற உரிமை, தன் மதிப்புக்குக் கேடு வரும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கும் உரிமை ஆகியவை அவை. இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தன் 'ஆப் கா பண்ட்டி' நாவலைச் 'சமய் கீ தாரா' என்ற படமாக்கியவர்கள் மீது வழக்குத் தொடுத்தார். 1986இல் தில்லி உயர்நீதிமன்றம் அதில் முக்கியமான தீர்ப்பளித்தது. நாவல் படமாகும்போது மாற்றங்கள் தவிர்க்க முடியாதவை. ஆனால் மூலத்தை உருத்தெரியாமல் சிதைத்துவிட்டு அதன் பெயரை வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பதே அதன் சாரம்.

நீதிமன்றம் கோடு கிழித்த இடத்தைக் கவனிக்க வேண்டும். படம் நல்லதா கெட்டதா என்று அது சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அல்ல. எழுத்தாளரின் பெயருக்கும் மதிப்புக்கும் ஊறு நேர்ந்ததா என்று மட்டுமே பார்த்தது. அதே பிரிவினையை நாமும் கடைப்பிடிக்கலாம். அனுமதியின்றிக் கதையைச் சுட்ட படம் கலையழகு மிக்கதாக இருந்தாலும் அதன் இயக்குநர் அநியாயம் செய்தவர்தான். முறையாக உரிமை வாங்கி, பெயர் போட்டு, பணம் கொடுத்து எடுத்த படம் தட்டையாக இருந்தால், நேர்மை அதைக் காப்பாற்றிவிடாது. தமிழ்த் திரையில் எழுத்தாளர்களின் கதைகள் பெயரில்லாமல் எடுத்தாளப்படுவதாக எழும் புகார்களுக்குக் குறைவில்லை. அந்த அநீதியை எதிர்த்துப் பேச வேண்டுமானால், 'நாவல் போல இல்லை' என்ற புலம்பலிலிருந்து அதை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டையும் கலக்கும்போது, உண்மையிலேயே ஏமாற்றப்பட்ட எழுத்தாளரின் குரலும் ரசிகரின் ஏமாற்றத்தோடு சேர்ந்து அமுங்கிவிடுகிறது.

நாவலின் பக்கம் நின்றும் இதையே சொல்வேன். படத்தையும் நாவலையும் ஒரே தராசில் வைப்பதால் நாவலும் நஷ்டப்படுகிறது. படம் வென்றால் நாவல் 'படத்தின் மூலக்கதை'யாகச் சுருங்குகிறது. அட்டையில் நடிகரின் படம் ஏறுகிறது. வாசகர் திரையில் பார்த்ததையே பக்கங்களில் தேடுகிறார். படம் தோற்றால், 'கதையே இவ்வளவுதான் போலும்' என்று நாவல் கைவிடப்படுகிறது. 'ஆடுஜீவித'த்தில் பாலைவனத்தில் சிக்கிய நஜீப் ஆடுகளுக்குத் தன் ஊர்க்காரர்களின் பெயர்களை வைத்து அவற்றோடு வாழ்கிறான். இறைவனோடு ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கிறான். நாவலின் உயிர் அந்த ஓயாத பேச்சில் இருக்கிறது. படத்தின் உயிர் பிருத்விராஜின் தேய்ந்துபோன உடலில் இருக்கிறது. உடலைப் பார்த்தவருக்குப் பேச்சு தெரிந்துவிட்டதாகாது. பேச்சைக் கேட்டவர் உடலைப் பார்த்துவிட்டதாகவும் ஆகாது.

எனவே விமர்சகர்களிடம் ஒரு வேண்டுகோள். தழுவல் படத்துக்கு விமர்சனம் எழுதும்போது, 'நாவல்' என்ற சொல்லே இல்லாமல் முதலில் எழுதி முடியுங்கள். காட்சிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா, பாத்திரங்கள் நம்பும்படி நடந்துகொள்கிறார்களா, ஒளியும் ஒலியும் நடிப்பும் என்ன செய்கின்றன, படம் வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறது, அது சரியா என்பதையெல்லாம் படத்திலிருந்தே சான்று காட்டிச் சொல்லுங்கள். பிறகு வேண்டுமானால் நாவலைத் திறந்து, இயக்குநர் எதை மாற்றினார், அந்த மாற்றத்தால் எது கிடைத்தது என்று இரண்டாம் கட்டுரை எழுதுங்கள். முதல் கட்டுரை தீர்ப்பு, இரண்டாவது ஆராய்ச்சி. ஆராய்ச்சியைத் தீர்ப்பாக மாற்றாதீர்கள்.

இதற்கான களம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. கேரளத்தில் சிற்றூர்களிலும் வாசகசாலைகள் உண்டு, 1945இல் பி.என்.பணிக்கர் தொடங்கிவைத்த நூலக இயக்கத்தின் வேர் அது. திருவனந்தபுரத்தில் டிசம்பர் மாதம் நடக்கும் சர்வதேசத் திரைப்பட விழாவுக்கு மலையோரக் கிராமங்களிலிருந்தும் இளைஞர்கள் இறங்கி வருகிறார்கள். தமிழகத்தில் கிளை நூலகங்களும் ஊர்தோறும் வாசகர் வட்டங்களும் கல்லூரித் திரைப்பட மன்றங்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் 'மதிலுகள்' படத்தை ஒரு நாள் திரையிட்டு அதைப் பற்றி மட்டும் பேசட்டும். இன்னொரு நாள் பஷீரை வாசித்து அவரைப் பற்றி மட்டும் பேசட்டும். படம் பார்த்தவர் நாவலுக்கு வரட்டும், நாவல் வாசித்தவர் படத்துக்கு வரட்டும். ஆனால் இரண்டாவதிடம் முதலாவதைக் கேட்டு அழ வேண்டாம்.

நல்ல நாவலுக்குத் தன்னைக் காப்பாற்றப் படம் தேவையில்லை. மோசமான படத்தால் அதற்குக் கேடும் வராது. எழுதப்பட்டது எழுதப்பட்டபடியே அலமாரியில் இருக்கும். யாரும் அதில் ஒரு வரியையும் அழித்துவிட முடியாது. இந்த உறுதியோடு திரையரங்குக்குள் போனால், எதிரே விரிவதைப் பயமில்லாமலும் பொறாமையில்லாமலும் பார்க்கலாம். அப்போதுதான் நாம் சொல்லும் 'நன்றாக இருக்கிறது' என்ற சொல்லுக்கும் 'நன்றாக இல்லை' என்ற சொல்லுக்கும் மதிப்பு வரும்.